தேய்மானம்

முதலில் துரு.
பிறகுதான் நீலம்.
துரு நிறத்தின் மேல் தண்ணீர் தொட்டு
சமையல் உப்பு இரண்டு சிட்டிகை தூவி
அது ஒட்டிக் காய்ந்தபின் பெயின்ட் அடிக்க வேண்டும்.
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால்
உப்பு உதிரும்.
உதிர்ந்த இடமெல்லாம் துரு எட்டிப் பார்க்கும்.

கடலூர் முதுநகரில் இத்தனை பாடு எதற்கு,
வண்டியை வாசலில் விட்டால்
ஆறு மாதத்தில் காற்றே செய்துவிடும்.
ஆனால் என் வண்டி பிளாஸ்டிக்.
ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.
இருபத்து நாலில் ஒரு பங்கு.

பகலில் நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
பண்ருட்டி ரோட்டில் கவிழ்ந்த பலாப்பழ லாரி,
ஆல்பேட்டையில் பஸ்ஸுக்கு அடியில் போன ஸ்கூட்டர்,
எதுவானாலும் குனிந்து பார்த்து எழுதுவேன்:
ரப்பர், நைலான், பிளாஸ்டிக் – ஐம்பது சதம் தேய்மானம்.
கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது.
உடைகிற நிமிஷம் வரை அது புதுசு.

இரவில் மேசை விளக்கும் இடுக்கியும்.
பெட்டியில் வந்தது
ஏதோ பனி விழும் ஊரின் வேன்.
ஸ்டீயரிங்கை அறுத்து வலப்பக்கம் ஒட்டினேன்.
டெலிபோன் ஒயரைப் பிரித்த செம்பு இழை, பிரேக் குழாய்.
ஹெட்லைட் ஒயருக்கு
என் தலைமுடி ஒன்று சரியான தடிமன்
(கறுப்பாய்த் தேட வேண்டியிருந்தது).
பம்பரில் தொங்கும் எலுமிச்சை
மஞ்சள் அடித்த ஒரு கடுகு.
மட்கார்டு விளிம்பு தகடுபோல் மெலிய
உள்பக்கமாகவே தேய்த்தேன்
மூன்று நாள், உப்புத்தாளில்.

ஏன் அந்த மீன் வண்டி என்று கேட்டாள் பிரமிளா.
பதினொரு படம் இருக்கிறதே என்றேன்.

தேவனாம்பட்டினம் அஞ்சாப்புலியின் வண்டி.
புயலுக்கு மறுவாரம் பார்த்தேன்.
பூவரச மரம் கூரையில் கிடந்தது.
துருவின் வயது எனக்குத் தெரியும்.
ஒரு வாரத் துரு தொட்டால் விரலோடு வரும்,
ஒரு வருஷத் துரு காப்பிப்பொடி,
அதற்கும் மேலே போனால் செதில்.
‘பழைய துரு, பராமரிப்பு இல்லை’ என்று எழுதினேன்.
கம்பெனிக்கு அது போதுமாயிருந்தது.
எழுதியது பொய்யில்லை.

இடப்பக்கம் முடித்து வண்டியைத் திருப்பிய இரவு
வலப்பக்கத்துக்குப் படம் தேடினேன்.
முன்னால் நின்று ஒன்று.
பின்னால் நின்று இரண்டு.
மீதி எட்டும்
துரு இருந்த பக்கத்தில் நின்றே எடுத்தவை.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போனேன்.
மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டி
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.
என்னைத் தெரிந்தது.
வலப்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

‘அந்தப் பக்கமா?
சித்திரையிலதான சார் டிங்கரிங் பாத்தேன்,
மூஞ்சி தெரியும் அதுல.
கதவுதான் நிக்காது,
பச்சை வலைக்கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருப்பேன்.
சின்னவ உள்பக்கம் நட்சத்திரமா ஒட்டி வச்சிருந்தா,
ராத்திரி மினுக்கும்.’

பிறகு ஐஸ் உடைப்பதை நிறுத்திவிட்டு,
‘எதுக்கு சார், கேஸை மறுபடி எடுக்கறாங்களா?’

இருபத்து நாலில் ஒரு பங்கு பதில்
என்னிடம் இருந்தது.
அதைச் சொல்லவில்லை.
சங்கரா ஒரு கிலோ கேட்டேன்.
தட்டு தாழ்ந்தபிறகும் ஒன்று சேர்த்துப் போட்டார்.

நட்சத்திரத்துக்கு வெள்ளைப் பெயின்டில் ஊசிமுனை.
எத்தனை என்று கேட்க விட்டுப்போனது, ஏழு வைத்தேன்.
கயிற்றுக்குப் பச்சை நூலை மூன்றாய்ப் பிரித்து
அதில் ஒரு இழை.
கை கழுவியும் விரலில் மீன் வாடை.
அதைச் சிறிதாக்க வழி இல்லை.

உப்பு டப்பாவை மூடி
அடுக்களையில் வைத்துவிட்டு வந்து
வலப்பக்கத்துக்கு நீலம் அடித்தேன்.
ஒரே கோட்.
காயட்டும்.